கால் அளவு ஸ்பிட்ஃபயர்

பெரிய போர்விமான மாடல் ஒன்றைத் தரையில் நிறுத்தி வைத்திருந்தால், வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து ரிவெட்டுகளைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் ரேடியோவில் பறக்கும் மாடலின் தரம் அது மேலே போன பிறகுதான் தெரியும். நான் முதலில் கவனிப்பது அதன் நடையை. வளைவில் எவ்வளவு நிதானமாகச் சாய்கிறது, எதிர்காற்று இடித்தால் எப்படி அசைகிறது என்பதை வைத்தே பாதி மதிப்பெண் போட்டுவிடலாம்.

ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கொள்வோம். ஆர்.ஜே. மிட்செல் வடிவமைத்து, 1936 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் விமானம். இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். நான்கில் ஒரு பங்கு என்றால் 2.8 மீட்டர் வரும். வீட்டு ஹாலில் வைத்தால் மற்றவர்கள் சுவரோரமாகத்தான் நடக்க வேண்டும். இவ்வளவு பெரிதாக எதற்கு? கொஞ்சம் பெருமைக்காகவும்தான். ஆனால் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. விமானத்தைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. நீளம் நான்கில் ஒன்றானால், அசைவுகளுக்கு ஆகும் நேரம் அதன் வர்க்கமூலப்படி பாதியாகும். அசல் விமானம் நான்கு விநாடியில் போடும் உருளலை, கால் அளவு மாடல் இரண்டு விநாடியில் போட்டால் இயல்பு. பதினாறில் ஒரு பங்கு மாடலுக்கு ஒரே விநாடிதான். யானை நடையை எலியிடம் எதிர்பார்க்க முடியாதல்லவா? சின்ன மாடல் எத்தனை நேர்த்தியானதாக இருந்தாலும் வானத்தில் துருதுருவென்றுதான் இருக்கும். கால் அளவுக்கு வந்த பிறகுதான் நம் கண் ஏமாறச் சம்மதிக்கிறது.

எடைக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. முழுச் சுமையோடு சுமார் 3,400 கிலோ இருக்கும் மார்க் 9 ரகத்தை மூன்று திசையிலும் நான்கால் வகுத்தால் 50 கிலோவுக்கு மேல் வரும். கட்டுகிறவர்களோ 20 கிலோவை ஒட்டி நிறுத்தப் பாடுபடுவார்கள். காரணம், இறக்கை சிறுத்தாலும் அதன் மேல் ஓடும் காற்று சிறுப்பதில்லை. நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும் அந்த அழகான நீள்வட்ட இறக்கை, வேகம் குறையும்போது நுனியில் முதலில் தூக்குவிசையை இழந்து ஒரு பக்கமாகக் கவிழப் பார்க்கும். அசலிலேயே இதை யோசித்து இறக்கையை மெல்ல முறுக்கியிருந்தார்கள். உடலோடு சேரும் இடத்தில் முன்விளிம்பு 2 பாகை மேல்நோக்கியும், நுனியில் அரை பாகை கீழ்நோக்கியும் இருக்கும். மாடல்காரர் பால்சா ரிப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தும்போதே இந்த முறுக்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ரிப்புகளில் பக்கத்துக்கு ஒன்றுபோல் இரண்டு கிடையாது. பொறுமை இல்லாதவர்கள் நேர் இறக்கை உள்ள மஸ்டாங் பக்கம் போய்விடலாம்.

இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் இரு திசையிலும் குழிந்து வளையும் அந்தப் பட்டையில்தான் கைத்திறமை தெரியும். ஆஃப்செட் அச்சகத்தில் பயன்படும் மெல்லிய அலுமினியத் தகட்டை இதற்கு எடுத்துக்கொள்வார்கள். தகட்டின் மேல் சோப்பைத் தேய்த்துவிட்டு, பின்பக்கம் தீச்சுடரைக் காட்ட வேண்டும். சோப்பு பழுப்பேறிக் கறுக்கத் தொடங்கும் கணத்தில் சுடரை விலக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் காட்டினால் தகடு உருகிப் போகும். பதமாக எடுத்தது, ஆறியதும் விறைப்பு போய்த் துணிபோல வளையும். மரக்கட்டையால் தேய்க்கத் தேய்க்க வளைவில் படிந்துகொள்ளும். முடிந்தபின் அதை விரலால் தடவிப் பார்க்கிற சுகம் தனி.

ரிவெட்டுக்கும் வருவோம். ஸ்பிட்ஃபயர் சோதனைக் காலத்தில், மட்டமாகப் பதித்த ரிவெட்டுகளின் மேல் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். புடைத்த ரிவெட்டு எவ்வளவு இழுக்கும் என்று அறிவதற்காக. உச்ச வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தது. அதனால் இறக்கையில் மட்ட ரிவெட்டு. உடலில் 1943 தொடக்கம் வரை புடைத்த ரிவெட்டே இருந்தது. மாடலில் புடைப்புக்கு ஊசிமுனையால் வெள்ளைப் பசைத்துளி வைப்பார்கள். மட்டத்துக்குச் சூடான பித்தளைக் குழாய் முனையால் வட்டம் அழுத்துவார்கள். 1940 விமானத்தின் இறக்கை முழுக்கப் பசைத்துளி வைத்திருந்தால், உழைத்திருக்கிறார், அசலைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பெயின்ட் தேய்மானமும் அப்படித்தான். விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கம் இருக்கிறது. கால் பட்டுத் தேய வேண்டியதும் இடது இறக்கைதான். இரு பக்கமும் சமமாகச் சுரண்டி வைத்த மாடல்கள் எத்தனையோ உண்டு.

என்னைக் கேட்டால் உடலில் ஏ.இஸட். எழுத்துகளைப் போடச் சொல்வேன். அது பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரனுக்குரிய குறி. அந்த ஸ்குவாட்ரனின் பெயரோடு சென்னை மாகாணத்தின் பெயரும் சேர்ந்திருந்தது.

இனி பறப்பது. த்ராட்டிலை ஒரேயடியாகத் திறந்தால் மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நல்ல கை மெல்லத் திறந்து, வலது ரடர் கொடுத்து, வாலைத் தானாக எழும்ப விடும். மேலே போனதும் சக்கரங்கள் படக்கென்று மடங்கக் கூடாது. அசலில் ஹைட்ராலிக் விசையில் நிதானமாக மடங்கும். ஃபிளாப் அதற்கு நேர்மாறு. அழுத்திய காற்றால் இயங்குவதால், ஒன்று முழுக்க மேலே, அல்லது 85 பாகை கீழே. இடைநிலையே கிடையாது. ஆனால் பலர் சர்வோவை மெதுவாக ஓடவிட்டு ஃபிளாப்பை அங்குலம் அங்குலமாக இறக்குகிறார்கள். ஜம்போ ஜெட்டுக்குப் பொருந்தும், ஸ்பிட்ஃபயருக்குப் பொருந்தாது.

சத்தத்தில்தான் மனம் ஒட்டுவதில்லை. அசலின் 27 லிட்டர், 12 சிலிண்டர் மெர்லின் இன்ஜினை எதிர்பார்க்கும் காதில் சின்னப் பெட்ரோல் இன்ஜினின் கரகரப்பு விழுகிறது. ஸ்பீக்கர் வைத்து ஏமாற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. கோர்சேர், தண்டர்போல்ட் மாடல்களில் ஐந்து சிலிண்டர் மோக்கி ரேடியல் இன்ஜின் பொருத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

ஆனால் இறக்கம் ஸ்பிட்ஃபயருடையது. நீண்ட மூக்கு ஓடுபாதையை மறைப்பதால், அசல் விமானிகள் வளைந்தபடியே வந்து கடைசி நேரத்தில் நேராக்குவார்கள். மாடலை ஓட்டுகிறவர் வெளியே நிற்கிறார், அவருக்கு எல்லாம் தெரிகிறது. வளைய வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும், உள்ளே உட்கார்ந்திருக்கும் பொம்மை விமானிக்குப் பாதை தெரிய வேண்டுமே என்று வளைந்து வருகிறவர்தான் கலைஞர். இறங்கிய பிறகும் நேராக உருட்டாமல், மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே வருவார். வழியில் நின்று போஸ் கொடுக்க மாட்டார். தரையில் அதிக நேரம் ஓடினால் மெர்லின் சூடேறிவிடும் என்பது அவருக்குத் தெரியும், தன் மாடலுக்குள் மெர்லின் இல்லாவிட்டாலும்.