பாட்டால் நடந்த நாடகம்

மும்பையில் 1911-இல் திறந்த ராயல் ஓபரா ஹவுஸ் நெடுங்காலம் பூட்டிக் கிடந்து 2016-இல் மறுபடி திறந்தது. இந்தியாவில் ஓபராவுக்கென மிஞ்சியிருக்கும் ஒரே அரங்கு அதுதான். ஆனால் கதையைப் பாட்டாலேயே நடத்திச் செல்லும் கலையை நாம் அங்கிருந்து கற்கவில்லை. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்ரீரங்கத்தில் அரங்கேறிவிட்டது. அடுத்த நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரம் பாடினார். இரண்டையும் பிற்காலத்தார் உதிரி உதிரியாகப் பிரித்துக் கச்சேரிக்கு எடுத்துக்கொண்டார்கள். பாட்டு பிழைத்தது, அது எந்தக் கட்டத்தில் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைக் கேட்பவர் மறந்தார்.

மேடைக்கென்றே முழுமூச்சாக எழுதியவர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் தந்தவை. சிறுவர்களைச் சேர்த்துக் கம்பெனி நடத்தி, பாடத்தோடு ராகத்தையும் தாளத்தையும் புகட்டினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள்.

பாடகர் என்றால் முதலில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்ட குரல். கதாநாயக வேடக்காரரான ராஜபார்ட் முதலில் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். பாட்டு கொட்டகையை நிறைத்த பிறகுதான் ஆள் வெளியே வருவார். முகத்தைக் காணும் முன்பே கைதட்டல் வாங்குகிற உத்தி இது. அதற்குக் கிட்டப்பாவைவிடப் பொருத்தமானவர் கிடையாது. இலங்கை மேடையில் அவரோடு ஜோடி சேர்ந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அவருக்கு ஒரு பிடியும் விட்டுக்கொடுத்துப் பாடியவரல்ல. 1933 டிசம்பரில் 27 வயதில் கிட்டப்பா இறந்தார். அந்தத் துக்கத்தில் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். 1935-இல் நந்தனார் படத்தில் ஆண் வேடமான நந்தனாராக அவரே நடித்தார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். அந்தப் படத்துக்குச் சுந்தராம்பாள் வாங்கிய ஒரு லட்ச ரூபாயைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறார்கள். கச்சேரி வித்துவானும் நாடகக்காரியும் சரிக்குச் சரி நின்றார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

இந்தப் பாட்டு நாடகத்தின் போக்கு மாறிய கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் மேடவாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளை வழியாகப் பல்லாவரம் போய், ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் பம்மல். அந்த ஊர்ப்பெயரை முன்னால் வைத்துக்கொண்ட சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். வக்கீல்களும் படித்த உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசியது அவரால்தான். ஹாம்லெட்டை அமலாதித்தனாக்கினார், வசனத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். நாடகக்காரனுக்கு மரியாதை கிடைத்தது; விடிய விடியப் பாடும் நாடகம் படித்தவர் கண்ணில் பழசாகிப்போனது. நம் பக்கத்து ஊர்க்காரர்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. மிச்சத்தை சினிமா பார்த்துக்கொண்டது. பவளக்கொடியாக மேடையில் நடந்ததையே 1934-இல் படமாக்கி, தியாகராஜ பாகவதரை அது தூக்கிக்கொண்டு போனது.

செத்துவிட்டதா என்றால் இல்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடக்கிறது. ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர்; அன்றிரவுதான் மேடையில் கூடுவார்கள். எல்லாருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம். மேடை ஓரத்து ஆர்மோனியக்காரர்தான் கடிவாளம்: நடிகர் எடுக்கும் சுருதிக்கு விரலை நகர்த்துவார், மூச்சு வாங்கும் இடத்தில் பின்பாட்டில் புகுந்துகொள்வார், தர்க்கம் இழுத்துக்கொண்டே போனால் அடுத்த பாட்டுக்குத் தொடக்கம் வாசித்துவிடுவார். தமிழகத்தின் வடக்கே விடிய விடியப் பாடி நடிக்கும் பொறுப்பு தெருக்கூத்துக்கு. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது நியாயம்.

சென்னையில் ஓபரா முறையில் குரல் பயிலவும் வழியுண்டு, ஏ.ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்தியக் குரலிசை கற்றுத்தருகிறார்கள். நல்லதே. ஆனால் வள்ளி திருமணத்தை முழு இரவும் கேட்க தாம்பரம், மேடவாக்கத்துக்காரர்கள் இன்னும் தெற்கே பஸ் ஏற வேண்டியிருக்கிறது. மார்கழியில் இத்தனை கச்சேரி வைக்கும் புறநகர் சபாக்கள் ஒரே ஒரு ராத்திரியை ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒதுக்கட்டும். இரண்டு மணி நேரமாகச் சுருக்காமல், பபூனையும் வெட்டாமல்.