தொண்டையை நீட்டும் மென்பொருள்

"சார், என் தொண்டையைக் கொஞ்சம் நீட்டித் தர முடியுமா?" என்று கேட்டு என் மாணவர் ஒருவர் ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்தார். மீசை அரும்பியும் குரல் உடையாதவர். கல்லூரி நாடகத்துக்காகத் தம் வசனத்தைப் பதிவு செய்து எடுத்து வந்திருந்தார். பதிவான குரலில் தொண்டையின் வடிவை மாற்றும் 'திரோட்' என்ற மென்பொருளை நான் வகுப்பில் காட்டியதன் விளைவு அது. அதன் தகுதியை உங்களோடு சேர்ந்து எடைபோட விரும்புகிறேன்.

மேல்நிலை வகுப்பில் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பக் கருவியைக் கையாண்டிருப்பீர்கள். இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து, நீர்மட்டத்தை இறக்கினால் ஓரிடத்தில் ஒலி திடீரென ஓங்கும். ஒரு முனை மூடிய அக்குழாய்தான் நம் தொண்டையும். மூடிய முனையில் குரல் நாண்கள். திறந்த முனையில் உதடுகள். வளர்ந்த ஆணுக்கு இதன் நீளம் ஏறத்தாழ 17 செ.மீ. ஒலியின் திசைவேகத்தை வினாடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், முதல் ஒத்ததிர்வு 500 ஹெர்ட்ஸ். அடுத்தவை 1500, 2500. நாக்கும் உதடும் குழாயின் வடிவை மாற்ற, இவ்வெண்கள் இடம் பெயர்கின்றன. 'ஈ' என்னும்போது முதலாவது 300 அளவுக்கு இறங்க, இரண்டாவது 2000-ஐத் தாண்டி ஏறும். சுருதியோ நாண்கள் வினாடிக்கு எத்தனை முறை துடிக்கின்றன என்பதைப் பொறுத்தது. அது வேறு கணக்கு. ஸ்வீடன் நாட்டு குன்னார் ஃபான்ட் 1960-இல் வெளியிட்ட நூலில் இப்பிரிவினையை விரிவாக விளக்கினார்.

திரோட்டை உருவாக்கியது அமெரிக்காவின் அன்டாரிஸ் நிறுவனம். (நம் கேட்டை விண்மீனுக்கு மேனாட்டார் வழங்கும் பெயர் அது.) சுருதி பிசகினால் திருத்தும் 'ஆட்டோ-டியூன்' மென்பொருளை 1997-இல் வெளியிட்டதும் இந்நிறுவனமே. பாடகரின் சொந்தக் குழாய் குரலில் ஏற்றிய மாற்றங்களைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு, எஞ்சியதை நாம் வடிவமைக்கும் குழாய் வழியே செலுத்துவது இதன் வேலை. திரையில் குரல் நாண்களிலிருந்து உதடுவரை ஒரு குழாய். அதில் ஐந்து புள்ளிகள். எதையும் அகட்டலாம், ஒடுக்கலாம். தொண்டையைச் சிறு உருளைகளின் தொடராகக் கருதிக் கணக்கிடும் முறையைப் பெல் ஆய்வகத்தின் கெல்லியும் லாக்பாமும் 1962-லேயே கையாண்டனர். ஆகவே அடிப்படையில் குறை சொல்ல ஏதுமில்லை.

நீளத்தை மாற்றும் குமிழ் ஒன்றுக்காகவே இதைப் பாராட்டலாம். 17 செ.மீ. குழாயை 14 ஆகக் குறைத்தால் முதல் ஒத்ததிர்வு 500-லிருந்து ஏறத்தாழ 607-க்குப் போகும். சுருதி அசையாது, பேசுபவரின் உருவம் மட்டும் சிறுத்துவிட்டதாகத் தோன்றும். ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் இரண்டும் சேர்ந்தே ஏறுமல்லவா? அவற்றைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல செய்முறை என்னிடம் இல்லை.

ஆனால் அப்படிக் குறுக்கிய குரல் பெண் குரலாகவோ குழந்தைக் குரலாகவோ அமைவதில்லை. பொம்மைக் குரலாக அமைகிறது. காரணம் எளிது. வாலிபத்தில் ஆணின் குரல்வளை கீழே இறங்குகிறது. வாய்ப்பகுதியைவிடத் தொண்டைப்பகுதியே அதிகம் நீள்கிறது. அளவு மட்டுமின்றி விகிதமும் மாறுகிறது. குமிழோ குழாய் முழுவதையும் ஒரே விகிதத்தில் நீட்டிக் குறுக்குகிறது.

திரையில் மூக்குக்கு இடமே இல்லை என்பது அடுத்த குறை. ம, ன, ங ஒலிக்கும்போது காற்று கிளை பிரிந்து மூக்கு வழியே செல்கிறது. அக்கிளை சில அதிர்வெண்களை விழுங்கியும் விடுகிறது. கிளையில்லாக் குழாயால் இதைக் காட்ட இயலாது. ழகரத்தின் பாடும் எளிதன்று. 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்டு, அபிகெய்ல் கான் ஆகியோர் காந்த ஒத்ததிர்வுப் படங்களின் துணையுடன் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் ஆராய்ந்து கட்டுரை எழுதினர். நாக்கு முப்பரிமாணத்தில் வளைந்து ஒடுங்கிச் செய்யும் அந்த வேலையை ஐந்து புள்ளிகளில் அடக்க முடியுமா? நான் நடுப்புள்ளிகளை அகட்டியபோது, என் காதுக்கு 'வாழை' 'வாளை'யோடு மயங்கியது.

ஆகவே வகுப்பறைக்கு இது நல்ல கருவி. வேற்றுக்கிரகவாசி பேச வேண்டிய திரைப்படத்துக்கும் நன்று. ஒருவர் குரலை இன்னொருவர் குரலாக்கும் என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவர்.

மாணவரின் பதிவுக்கு வருவோம். நீளக் குமிழைத் திருப்பினேன். பெரிய உடம்புக்காரர் ஒருவர் கீச்சுக் குரலில் பேசுவதுபோல் வந்தது. வேறொரு மென்பொருளால் சுருதியையும் இறக்கினேன். கேட்டுவிட்டு, "இது யாரோ, சார்" என்றார். அவருடைய சிக்கல் குழாயில் இல்லை என்று விளக்கினேன். குரல்வளை வளர்ந்த பின்னும் நாண்களைப் பழைய விறைப்பிலேயே வைத்துப் பேசும் பழக்கம் சிலருக்கு உண்டு. தக்க குரல் பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும். அவருக்கும் அதுதானா என்பதை மருத்துவர் பார்த்தே சொல்ல வேண்டும். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் மாற்றியமைத்த பதிவை அவரே அழித்துவிட்டார்.