குரோசுக் கணக்கும் காலண்டர் கணக்கும்

எங்கள் பக்கம் ஒரு பிள்ளையின் படிப்பை முடித்துவைக்க இரண்டு சொல் போதும்: 'கணக்கு வராது.' பாட்டு வரும், சாமி வரும், கணக்கும் அப்படித் தானாக வந்து இறங்கணும் என்பதுபோல. இந்த வாக்கியத்தில் கற்றுக்கொடுத்தவர் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வராததற்குக் காரணம் பிள்ளையின் தலையெழுத்து, அவ்வளவுதான். நான் வளர்ந்த ஏழாயிரம்பண்ணையில் இந்தப் பட்டத்தோடு பள்ளியை விட்டவர்கள் தீப்பெட்டி ஆபீசுக்கோ பயர் ஆபீசுக்கோ போனார்கள். போன இடத்தில் நாள் முழுக்கக் கணக்குத்தான் போட்டார்கள்.

ஒரு குரோசு என்றால் 144. குரோசுக்கு ஏழரை ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். 23 குரோசு ஒட்டிய அக்காவிடம் எவ்வளவு என்று கேட்டால் தாளைத் தேட மாட்டார். "இருவதுக்கு நூத்தம்பது, மூணுக்கு இருவத்திரண்டர. நூத்தி எழுவத்திரண்டரப்பா." அவர் செய்தது (20 + 3) × 7.50. பாடப்புத்தகத்தில் இதற்குப் பங்கீட்டுப் பண்பு என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் "எனக்குக் கணக்கு வராது" என்றுதான் அவரும் சொல்வார்.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு உதவிய நூல், து. செந்தில் பாபுவின் 'மேத்தமேட்டிக்ஸ் அண்ட் சொசைட்டி' (ஆக்ஸ்ஃபோர்டு, 2022). கணக்கதிகாரத்தையும் எண்சுவடியையும் பழம்பெருமை பேசும் ஏடுகளாக அவர் வாசிப்பதில்லை. நிலம் அளந்தவர்கள், நெல் அளந்தவர்கள், கூலி வாங்கியவர்கள் ஆகியோரின் உழைப்பு அவற்றுக்குள் இருக்கிறது என்று காட்டுகிறார். திண்ணைப் பள்ளியில் முந்திரி (1/320) முதல் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய மனனம், வெறும் உருப்போடுதல் அல்ல, அதுவே ஒரு கற்றல் முறை என்பது அவருடைய முக்கியமான வாதம். கணக்கு யார் கையில் இருந்தது, அளவுகோலைப் பிடித்தவர் ஏன் ஏட்டில் இல்லை என்ற சாதிக் கேள்வியையும் அவர் தவிர்ப்பதில்லை.

ஆனால் இந்த நூலைக் கொண்டாடும் வாசகர்கள் சிலரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 'நம்ம ஆளுங்க எல்லாருமே கணக்குல புலி, திண்ணையை மீட்டாப் போதும்' என்று அவர்கள் முடித்துவிடுகிறார்கள். நூல் அப்படிச் சொல்லவில்லை. அதே சமயம், குரோசு தெரிந்த பிள்ளையை இயற்கணிதத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது என்ற வகுப்பறைக் கேள்விக்கு அதில் விடை இல்லை. அது வரலாற்று நூல், அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் நமக்கு அந்த விடை வேண்டும்.

ஏனென்றால் வாழ்க்கைக் கணக்கு தானாகப் பள்ளிக் கணக்காக மாறுவதில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கும் 5 பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வு 1985இல் வெளியானது. வியாபாரத்தில் 98 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு கொல்கத்தா, டெல்லிச் சந்தைப் பிள்ளைகளைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: பள்ளிக் கணக்கு போடும் பிள்ளைகள் கடைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். மூளை இரண்டு பக்கமும் இருக்கிறது, நடுவில் பாலம்தான் இல்லை.

அந்தப் பாலத்தைக் கட்டிய ஒருவர் நம்மிடம் இருந்தார். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன். ராமானுஜனின் கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968இல் வெளியிட்டவர். மேதையைக் கும்பிட்டுவிட்டுப் போகாமல், சாதாரணப் பிள்ளைகளுக்காக 'நம்பர் ஃபன் வித் எ காலண்டர்' என்ற சின்னப் புத்தகமும் எழுதினார். கருவி ஒரு மாதக் காலண்டர், அவ்வளவுதான்.

சிவகாசியில் அச்சாகும் மாதக் காலண்டர் ஒன்றை எடுங்கள். ஒன்பது தேதிகள் உள்ள ஒரு சதுரம் போடுங்கள். நடுவில் 10 இருந்தால் மொத்தம் 90. நடுவில் 17 என்றால் 153. எப்போதும் நடு எண்ணைப்போல ஒன்பது மடங்கு. ஏன்? மேலே இருப்பது 7 குறைவு, கீழே 7 அதிகம். இடப்பக்கம் 1 குறைவு, வலப்பக்கம் 1 அதிகம். மூலைகளும் அப்படியே ஒன்றையொன்று சரிக்கட்டும். நடு எண்ணை 'க' என்று வைத்தால் இயற்கணிதம் வந்துவிட்டது. எண்ணத் தெரிந்த யாரும் இதுவரை வரலாம். குரோசிலிருந்தும் இதேபோலக் கிளம்பலாம்: கூலி மாறினால் என்ன, குரோசு மாறினால் என்ன என்று கேட்டுக்கொண்டே போனால் போதும்.

இதற்கு வேண்டியது மேதை வாத்தியார் இல்லை. 'ஏன்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க நேரமுள்ள வாத்தியார். போர்ஷனை முடிக்க ஓடும் வகுப்பில் அந்த நேரம் கிடைப்பதில்லை. அதைக் கொடுக்காமல் 'முயற்சி செய்தால் யாருக்கும் வரும்' என்று சுவரில் எழுதுவது, பழியை மறுபடியும் பிள்ளை தலையிலேயே போடுவதுதான்.

1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிவகாசிப் பிள்ளைகளின் கல்விக்கு வழிசெய்யச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகும் 'கணக்கு வராது' என்று ஒரு பிள்ளை திரும்பிப் போனால், அந்தக் கணக்கு யார் பேரில் எழுதப்பட வேண்டியது?