செக்கோவை கானுக்கு எப்படித் தெரியும்?

1982இல் வந்த 'ஸ்டார் டிரெக்: த ராத் ஆஃப் கான்' படத்தில் ஒரு காட்சி. புழுதிப்புயல் அடிக்கும் ஒரு கிரகத்தில், தன் ஆட்கள் பிடித்து வைத்திருக்கும் செக்கோவை கான் உற்றுப் பார்க்கிறான். பார்த்த முகம் எதையும் தான் மறப்பதில்லை என்கிறான். பெயரையும் சரியாகச் சொல்கிறான்.

ரசிகனுக்கு அங்கேதான் மூக்கு வியர்க்கும். கான் முதலில் வந்த 'ஸ்பேஸ் சீட்' அத்தியாயம் ஒளிபரப்பானது 1967 பிப்ரவரியில். செக்கோவ் தொடருக்குள் வந்ததோ அதே ஆண்டு செப்டம்பரில், இரண்டாவது சீசனில். அப்புறம் எப்படிய்யா ஞாபகம் இருக்கும்? 'செக்கோவ் அப்போது கப்பலின் கீழ்த்தளத்தில் வேலை பார்த்திருப்பான்' என்று ரசிகர்கள் முட்டுக்கொடுத்தார்கள். செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் இன்னும் ஒரு படி மேலே போய், கழிவறையை அடைத்துக்கொண்டு கானைக் காக்க வைத்ததால்தான் அந்த முகம் அவனுக்கு மறக்கவில்லை என்று ரசிகர் மாநாடுகளில் கதை சொல்வார்.

நானும் இப்படிப் பிழை பொறுக்கியே வளர்ந்தவன். 1960களின் தொடரில் கிளிங்கான்களுக்கு நம்மைப் போல வழவழப்பான நெற்றி. 1979 படத்தில் திடீரென்று நெற்றியில் எலும்பு மேடு. காசு வந்தது, ஒப்பனை மாறியது, அவ்வளவுதான் விஷயம். 1996இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வோர்ஃபிடமே இதைக் கேட்கிறார்கள். வெளியாட்களிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறான். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் 2005இல் 'எண்டர்பிரைஸ்' தொடர் இதற்காக இரண்டு முழு அத்தியாயங்களைச் செலவழித்து, ஒரு வைரஸைக் கொண்டுவந்து விளக்கம் சொன்னது. கணக்கு நேரானது. ஆனால் வோர்ஃபின் அந்த ஒரு வரி தந்த சந்தோஷம் அதில் இல்லை.

இவ்வளவு தெரிந்தும், செக்கோவ் பிழையால் 'ராத் ஆஃப் கான்' என்னிடம் ஒரு இம்மிகூட இறங்கவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

1967 அத்தியாயத்தின் முடிவில் கிர்க், கானையும் அவன் கூட்டத்தையும் ஒரு முரட்டுக் கிரகத்தில் இறக்கிவிடுகிறான். நல்லது செய்துவிட்ட திருப்தியோடு கிளம்பிப் போகிறான். நூறு வருடம் கழித்து இங்கே என்ன முளைத்திருக்கும் என்று ஸ்பாக் வியக்க, அத்தியாயம் முடிகிறது. அடுத்த வாரம் வேறு கிரகம், வேறு சிக்கல். அக்காலத் தொலைக்காட்சி அப்படித்தான். எந்தச் செயலுக்கும் அடுத்த வாரம் விலை கிடையாது.

15 வருடம் கழித்து வந்த படம் அந்த விலையைக் கேட்டது. கிர்க் கிளம்பிப்போன ஆறே மாதத்தில் பக்கத்துக் கிரகம் வெடித்து, கானின் கிரகம் பாலையாகிவிட்டது. அவன் மனைவி செத்துவிட்டாள். கிர்க் ஒரு தடவைகூட எட்டிப்பார்க்கவில்லை. கானின் மொத்தக் கோபமும் இதுதான்: நீ ஏன் திரும்பி வரவில்லை?

தொடர்ச்சி என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று தகவலின் தொடர்ச்சி: யார் எப்போது எங்கே இருந்தார்கள், நெற்றி எப்படி இருந்தது. இன்னொன்று விளைவின் தொடர்ச்சி: செய்தது செய்தவனைத் தேடி வருகிறதா, இல்லையா. 'ராத் ஆஃப் கான்' முதலாவதில் கோட்டைவிட்டது. இரண்டாவதில் கறாராக நின்றது.

2013இல் வந்த 'ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னஸ்' இதற்கு நேர்மாறு. பழைய படத்தை மனப்பாடம் செய்தவர்கள் எடுத்த படம் அது. அதே கான். அதே கதிர்வீச்சு அறை. 1982இல் கண்ணாடிக்கு உள்ளே ஸ்பாக் சாகிறான், வெளியே கிர்க் நிற்கிறான். இதில் இடம் மாறி உள்ளே கிர்க் சாகிறான். கிர்க் கத்திய கானின் பெயரை இப்போது ஸ்பாக் கத்துகிறான். பழைய ரசிகனைப் பார்த்து நிமிடத்துக்கு ஒரு கண்சிமிட்டல். ஆனால் கானின் ரத்தத்தை ஏற்றியதும் செத்த கிர்க் எழுந்துவிடுகிறான். மரணத்துக்கு மருந்து கிடைத்தாயிற்று! 2016இல் வந்த அடுத்த படம் அந்த ரத்தத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதே கானிடம் பூமியிலிருந்து கிளிங்கான் கிரகத்துக்கே ஒரே தாவாகத் தாவும் கருவியும் இருக்கிறது. அப்படியென்றால் கப்பல் எதற்கு? கேட்கக்கூடாது.

'ஸ்பாக்கும்தானே 1984 படத்தில் உயிரோடு வந்தான்?' என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் அதற்கு கிர்க் கொடுத்தது தன் மகனையும், தன் கையாலேயே அழித்த கப்பலையும். மோசமான படம் வேறு, பிழையுள்ள படம் வேறு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

எட் வுட்டின் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தைத் திட்டாத ஆள் கிடையாது. ஒரே காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வரும். 1956இல் இறந்துபோன பேலா லுகோசிக்குப் பதில், அவர் சாயலே இல்லாத ஒருவர் அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடப்பார். மோசமான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது நம்மிடம் எந்த நம்பிக்கையையும் வாங்கிக்கொண்டு ஏமாற்றவில்லை. 'இன்டு டார்க்னஸ்' என்னை அழ வைக்கப் பார்த்தது, கொஞ்ச நேரத்தில் 'சும்மாதான்' என்றது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகப் பேசும் நான் சில வருடங்களுக்கு முன் ஒரு வேலை செய்தேன். ஒரு வாசிப்புக் கூட்டம். புதிதாக எழுத வந்த தம்பி ஒருவர் தோட்டத்துக் கதை ஒன்றை வாசித்தார். 1969இல் நடக்கும் கதை. அதில் கங்காணி 'ரிங்கிட்' என்கிறார். நான் எழுந்து, அந்தக் காலத்தில் நம் ஆட்கள் 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள், இப்போதும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், இதுகூடத் தெரியாமல் எழுதலாமா என்று பத்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். பிழை பிழைதான், நான் சொன்னதில் தவறில்லை.

ஆனால் அந்தக் கதையில் ஓர் அம்மா, மகன் பள்ளிக்கூடம் போகத் தன் தோட்டை அடகு வைக்கிறாள். தோடு கடைசி வரை திரும்பி வரவில்லை. மகன் வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகு வரும் கடைசிப் பக்கத்திலும், பேசும்போது அவள் கை தானாகக் காதுக்குப் போகும். தம்பி ஒரு இடத்தில்கூட அதை மறக்கவில்லை. அன்று அதைப் பற்றி யாருமே பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை.