முதல் கைட்: இழுவையை விட்டுவிட்டு விடுவிப்பைப் பாருங்கள்

கைட்சர்ஃபிங் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மீட்டர் கைட் வாங்கலாம்?" என்பதுதான். அளவு முக்கியம், அதற்கும் வருகிறேன். ஆனால் ராமேஸ்வரம் பக்கத்து ஆழமில்லாத கடலில் மூன்று வகைக் கைட்டுகளை மாற்றி மாற்றிப் பறக்கவிட்டுப் பார்த்தபின் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. "போதும்" என்று நாம் நினைத்த நொடியில் கைட் இழுப்பதை நிறுத்துகிறதா? தண்ணீரில் விழுந்தால் மறுபடி எளிதாக எழும்புகிறதா? புதியவர் இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். வேகமும் உயரத் தாவலும் இரண்டாவது கைட்டின் கவலை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 15 நாட் காற்று 20 நாட் ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, கைட் மீது விழும் விசையோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். கரையில் நிற்பவருக்குச் சட்டை கொஞ்சம் அதிகமாகப் படபடப்பதாகத் தெரியும் மாற்றம் அது. இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிறுகளின் முனையில் ஒரு பெரிய துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை அது காலோடு பெயர்த்துவிடும்.

பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகேன்யூ சகோதரர்கள் 1984-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கைட்டின் அடிப்படையே, தண்ணீரில் விழுந்த கைட்டை மறுபடி எழுப்பும் பிரச்சினைதான். முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் வைத்தால் கைட் மூழ்காது, வடிவம் குலையாது, தண்ணீரிலிருந்தே திரும்பக் கிளம்பும். இன்று கடற்கரைகளில் பார்க்கும் கைட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த யோசனையின் வாரிசுகள். பின்னர் 2000-களின் நடுவில் புரூனோ கொண்டுவந்த 'போ' வடிவம் இன்னொரு படி முன்னேற்றம். கயிறுகளின் முனையில் நாம் பிடித்திருக்கும் பாரைத் தள்ளிவிட்டால் கைட் தன் இழுவையை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிடும். அதற்கு முந்தைய கைட்டுகளுக்கு இந்த வசதி சரியாகக் கிடையாது. அந்தக் காலத்துக் கைட்டை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நான் பறக்கவிட்ட மூன்றில் ஒன்று மூன்று குறுக்குக் குழாய்கள் கொண்ட டெல்டா-ஹைபிரிட். இரண்டாவது ஐந்து குழாய்கள் கொண்ட போ. மூன்றாவது, தேர்ந்தவர்கள் தந்திர ஆட்டங்களுக்கு வைத்திருக்கும் 'சி' வடிவம். மூன்றையும் வேண்டுமென்றே தண்ணீரில் விழவைத்தேன். டெல்டாவில் ஒரு பக்கத்துப் பின்கயிற்றை மட்டும் இழுத்துப் பிடித்ததும் கைட் தண்ணீரில் ஊர்ந்து காற்றுச் சாளரத்தின் (கைட் பறக்கக்கூடிய வெளியின்) ஓரத்துக்குப் போய், ஒரு இறக்கை நுனியில் நிமிர்ந்து, தானாக மேலே ஏறியது. போவும் எழுந்தது, ஆனால் கொஞ்சம் பொறுமை கேட்டது. 'சி' வடிவத்தோடு போராடியதில் கை ஓய்ந்துவிட்டது, அதற்குள் காற்று என்னைக் கணிசமான தூரம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கற்றுக்கொள்ளும் ஒருவர் ஒரே மணி நேரத்தில் எத்தனையோ முறை கைட்டைப் போடுவார். ஒவ்வொரு முறையும் இப்படிப் போராடினால் ஆசையே விட்டுப்போகும்.

எனவே என் தேர்வு மூன்று குழாய் வகைதான். எஃப்-ஒன் பாண்டிட், நார்த் ரீச், நெய்ஷ் பிவட் எல்லாம் அந்தக் குடும்பம். எடை குறைவு, திரும்புவது எளிது. கேப்ரின்ஹா ஸ்விட்ச்பிளேடு, கோர் எக்ஸ்ஆர், டியூட்டோன் ரெபல் போன்ற ஐந்து குழாய்க் கைட்டுகள் முரட்டுக் காற்றில் அசையாமல் நிற்கும், உயரம் தாவவும் ஏற்றவை. அவை தவறான தேர்வு அல்ல. ஆனால் அவற்றின் பலம் புதியவருக்குப் பயன்படத் தொடங்குவதற்குள் ஒரு பருவம் போய்விடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பந்தயம் ஓட்டினார்களே, அந்தக் குழாயில்லாத ஃபாயில் கைட்டுகளின் பக்கம் இப்போது பார்வையே வேண்டாம். தண்ணீரில் தாறுமாறாக விழுந்தால் அவற்றை எழுப்புவது பெரும் பாடு.

கைட்டைவிடக் கவனமாக ஆராய வேண்டியது பார். ஒரு பாரில் மூன்று அடுக்குப் பாதுகாப்பு உண்டு. கையை விட்டுவிட்டால் பார் மேலே நழுவி இழுவை குறையும். அது போதாவிட்டால், ஹார்னஸ் கொக்கியில் மாட்டியிருக்கும் சிக்கன் லூப்பின் மேலுள்ள விரைவு விடுவிப்பைத் தள்ள வேண்டும். உடனே கைட் ஒரே ஒரு முன்கயிற்றில் தொங்கி, கொடிபோல் துவண்டு விழும். அதன்பின்னும் இழுத்தால், நம்மையும் கைட்டையும் இணைக்கும் பாதுகாப்பு லீஷையே கழற்றிவிடலாம். கைட் போகட்டும், உயிர் மிஞ்சும். இந்த விடுவிப்பு அமைப்புகளுக்கென்றே ஐஎஸ்ஓ 21853 என்ற சர்வதேசத் தரம் 2020-இல் வந்தது. புதிய பார் வாங்கும்போது கடைக்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

நம் பக்கத்துக் கடற்கரையில் விடுவிப்பின் பெரிய எதிரி மணல். நான் சோதித்த பார்களில் ஒன்றில் மணலும் உப்பும் இறுகி, தள்ளினால் பாதி வழியில் நின்றது. நல்ல தண்ணீரில் அலசியதும் சரியாகிவிட்டது. நடுக்கடலில் அலசிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் கரையில் ஒரு தடவை விடுவித்து, மறுபடி மாட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கைட்டும் பாரும் ஒரே நிறுவனத்தின் ஒரே தலைமுறையாக இருப்பது நல்லது. முன்கயிறுகள் எந்த உயரத்தில் பிரிகின்றன என்பது பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். பொருந்தாத பாரில் நல்ல கைட்டும் கோணலாகப் பறக்கும்.

இப்போது அளவு. 65 முதல் 70 கிலோ எடையுள்ளவர், 15 முதல் 20 நாட் காற்றில், 9 அல்லது 10 சதுர மீட்டர் கைட்டுடன் தொடங்கலாம். 80 கிலோவைத் தாண்டியவருக்கு 12. சின்னக் கைட்தானே பாதுகாப்பு என்று 6, 7-க்குப் போகாதீர்கள். சின்னக் கைட் சட்டென்று திரும்பும், கை பழகாதவர் தெரியாமல் பாரை இழுத்தால் அது எதிர்பாராத வேகத்தில் பாயும். ஒரே ஒரு கைட்தான் வாங்க முடியும் என்றால், உங்கள் கடற்கரையில் அதிக நாள் வீசும் காற்றுக்கு வாங்குங்கள். எப்போதோ ஒருநாள் அடிக்கும் பலத்த காற்றுக்கு வாங்கினால் மற்ற நாளெல்லாம் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காற்றின் திசையும் இந்தக் கணக்கில் சேரும். தெற்கிலிருந்து காற்று அடிக்கும் மாதங்களில் ராமேஸ்வரம் தீவின் வடகடல் ஓரம் அலையே இல்லாமல் கிடக்கும். பார்த்தால் இறங்கத் தோன்றும். ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. கைட் எழும்பாவிட்டால் நீங்கள் போகும் திசை கரை அல்ல. மீட்புப் படகு தயாராக இல்லாத இடத்தில் அந்தக் காற்றில் இறங்கவே கூடாது. இலங்கையின் கற்பிட்டிக் களப்பைப் புதியவர்கள் தேடிப் போவதற்குக் காரணமும் இந்தப் பாதுகாப்புக் கணக்குதான். அங்கே மே முதல் அக்டோபர் வரை காற்று நிற்காது, தண்ணீர் பல இடங்களில் இடுப்பளவு, கூடவே பயிற்சிப் பள்ளிகளும் இருக்கின்றன.

புதிய கைட் ஒன்றின் விலை வெளிநாட்டுச் சந்தையிலேயே ஆயிரம் யூரோவைத் தாண்டும். பார், போர்டு, ஹார்னஸ், இறக்குமதிச் செலவு எல்லாம் அதற்கு மேல். ஆகவே நம்மில் பலர் பழைய சாமானுக்குத்தான் போவோம், அதில் தவறில்லை. பருவம் முடியும்போது பள்ளிகள் பழைய கைட்டுகளை விற்பதுண்டு. ஆனால் அவை வெயிலில் நிறைய நேரம் கிடந்தவை. துணியை விரலால் கசக்கிப் பாருங்கள். சரசர என்று ஒலித்தால் உயிர் இருக்கிறது, துவைத்த வேட்டி மாதிரி மெத்தென்று இருந்தால் வெயில் தின்றுவிட்டது, விட்டுவிடுங்கள். முழுக் காற்றடித்து இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் குழாய்களை அமுக்குங்கள். நம் வெப்பத்தில் வால்வு ஒட்டியிருக்கும் பசை இளகி மெல்லக் கசிவது சகஜம், அதை வாங்கும் இடத்திலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். நான்கு கயிறுகளின் முனைகளையும் ஒரே ஆணியில் மாட்டி, பாரைச் சமமாக இழுத்தால் எந்தக் கயிறு நீண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பழைய கைட்டில் 'நார்த்' என்ற பெயரைப் பார்த்தால் ஆண்டையும் கேளுங்கள். 2018 வரை அந்தப் பெயரில் கைட் விற்றவர்கள் இப்போது டியூட்டோன் என்ற பெயரில் விற்கிறார்கள். இன்றைய நார்த் வேறு அணி. உதிரிபாகம் தேடும்போது இந்தக் குழப்பம் வீண் அலைச்சலைத் தரும்.

ஹார்னஸை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், போட்டுப் பார்க்காமலும் வாங்காதீர்கள். கைட் தலைக்கு மேல் நிற்கும்போது இடுப்பு ஹார்னஸ் விலா எலும்பு வரை ஏறும், புதியவரின் கைட் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். வயிறு சற்று முன்தள்ளியவர்களும் மெலிந்த உடம்புக்காரர்களும் தொடையைச் சுற்றிப் பட்டை வரும் சீட் ஹார்னஸில் தொடங்கினால் வலியில்லாமல் பழகலாம். அதிலேயே கயிறு அறுக்கும் சின்னக் கத்தி ஒன்று இருக்கட்டும்.

போர்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 65, 70 கிலோவுக்கு 138, 140 செ.மீ. நீளத்தில், வளைவு குறைந்த ட்வின்-டிப் எதுவும் போதும். பழையதே வாங்கலாம். போர்டைக் காலோடு கயிற்றால் கட்டிக்கொள்ளாதீர்கள், அது சுண்டித் திரும்பித் தலையில் அடிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் பவளப்பாறை உண்டு, காலுக்குச் செருப்பல்ல, ஷூ வேண்டும். ஹெல்மெட்டும் மிதவைச் சட்டையும் இல்லாமல் தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள்.

பணம் குறைவாக இருந்தால் அதை இந்த வரிசையில் செலவிடுங்கள்: முதலில் பயிற்சி, பிறகு ஹார்னஸ், அடுத்து நல்ல விடுவிப்புள்ள பார், அதற்குப் பொருந்தும் மூன்று குழாய்க் கைட், மிச்சத்துக்குப் போர்டு. பழையதோ புதியதோ, பாரைக் கையில் வாங்கி விடுவிப்பை நீங்களே நாலு முறை தள்ளிப் பாருங்கள். தள்ளிப் பார்க்க விடாதவரிடம் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.