ஜாவ்ஜியிலிருந்து யூனிகோடுக்கு

யாங்கோனில் பர்மிய இணையதளம் நடத்தியவர்கள் 2019 அக்டோபர் 1ஐ மறந்திருக்க மாட்டார்கள். ஜாவ்ஜி எழுத்துருவை விட்டு யூனிகோடுக்கு மாற மியான்மர் அரசு குறித்த தேதி அது. டிஸ்கி, பாமினி என்று பழைய தமிழ்க் குறியாக்கங்களோடு அல்லாடிய நமக்கு அந்தப் பாடு புரியும். அவர்களுடையது இன்னும் சிக்கல். யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய குறியெண்களிலேயே ஜாவ்ஜியும் உட்கார்ந்திருந்தது. எது எதுவென்று கணினிக்கே குழப்பம்.

நம் ‘கெ’யில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் ‘க’வுக்குப் பின்னால்தான் பதிவாகும். பர்மியத்திலும் அப்படி ஒரு குறி உண்டு. ஜாவ்ஜி அதைக் கண்ணுக்குத் தெரிகிறபடி முன்னாலேயே வைத்துவிட்டது.

வேர்ட்பிரஸ் தளம் ஒன்றில் இதையெல்லாம் சரிசெய்யும் தேர்ந்த கையைப் பார்ப்பதே ஒரு சுகம். முதலில் தரவுத்தளத்துக்கு நகல். அது மீள்கிறதா என்றும் பார்த்துவிடுவார். வேலை முழுக்கச் சோதனைத் தளத்தில். மொத்தமாக மாற்றமாட்டார், ஏற்கெனவே யூனிகோடில் இருப்பதை மறுபடி மாற்றினால் பாழ். கூகுளின் ‘மியான்மர் டூல்ஸ்’ ஒரு உரை ஜாவ்ஜியாக இருக்கும் வாய்ப்பைக் கணித்துச் சொல்லும். இரண்டுங்கெட்டானாக வருவதை மட்டும் தானே படித்துப் பார்ப்பார்.

எனக்குப் பிடித்தது, விட்ஜெட் அமைப்புகளில் அவர் காட்டும் கவனம். அங்கே உரையோடு அதன் பைட் நீளமும் எழுதப்பட்டிருக்கும். உரையை மாற்றி நீளத்தைத் திருத்தாவிட்டால் விட்ஜெட்டே காணாமல் போகும். பர்மிய எழுத்திலான பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு 301 திருப்பமும் போட்டுவைப்பார்.