உருளும் கதவு

டெரின்குயுவில் என்னை அப்படியே நிற்க வைத்தது ஒரு கதவு. துருக்கியின் கப்படோசியாவில் ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை குடைந்த பாதாள நகரம் இது. தொழுவம், திராட்சை பிழியும் இடம், தேவாலயம் எல்லாம் உண்டு. ஆனாலும் அந்தக் கதவுதான்!

திருகைக் கல்லைப் பெரிதாக்கினாற்போல வட்டமான பாறை. சுவரில் வெட்டிய பள்ளத்தில் ஒதுங்கி நிற்கிறது. எதிரி வந்தால் உள்ளிருப்பவர்கள் உருட்டி வழியை அடைத்துவிடலாம்; வெளியே நிற்பவனுக்குப் பிடித்து இழுக்க ஒரு விளிம்புகூட அகப்படாது. கல்லின் நடுவே ஒரு துளை, வந்தவன் யாரென்று பார்க்க, தேவைப்பட்டால் ஈட்டியால் குத்த. கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. கல்லின் எடையே பூட்டு. எவ்வளவு தெளிவான புத்தி!

நகரைக் குடைந்திருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையில் என்பதால், அது உளிக்கு இணங்கியிருக்கிறது. 55 மீட்டர் ஆழத்துக்கு நேராக இறங்கும் காற்றுக்குழாயே கிணறாகவும் இருந்திருக்கிறது.

இங்கு வாழ்ந்த கிரேக்கக் கிறித்தவர்கள் 1923-ல் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தில் வெளியேறினார்கள். 1963-ல் யாரோ வீட்டைச் செப்பனிடச் சுவரை இடித்தபோது, மறந்துபோயிருந்த பாதாள நகரத்துக்கு வழி மறுபடி திறந்தது. குனிந்து திரும்புகையில் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.